சூரிச் நகர மன்றமும் உங்கள் வீட்டு கேஸ் பில்லும்



இங்கிலாந்தில் வீடு வாங்கிக் குடியிருக்கும் நம் பிள்ளைகள் சிலர் அடுத்தடுத்து ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "சார், கேஸ் பாய்லரை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் போடச் சொல்கிறார்கள். கட்டுப்படியாகுமா?" நான் வரலாற்று வாத்தியார், இன்ஜினியர்கள் உங்களுக்குள்ளேயே நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஆனாலும் இதற்கு வரலாற்றிலும் ஒரு பதில் இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

ஃபிரிட்ஜின் பின்பக்கம் கை வைத்தால் சுடும். உள்ளே இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது அது. அதையே திருப்பி, வெளிக்காற்றிலோ ஆற்று நீரிலோ உள்ள சூட்டை வீட்டுக்குள் கொட்டினால் ஹீட் பம்ப். சூட்டை உண்டாக்காமல் இறைத்துத் தருவதால், ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று யூனிட் சூடுகூடக் கிடைக்கும். கமலை இறைப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கிணறு ஆழமாக ஆக மாட்டுக்குப் பாடு கூடும். வெளியே குளிர் கூடினால் இந்தப் பம்புக்கும் அப்படித்தான்.

1852-லேயே கிளாஸ்கோ பேராசிரியர் வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) இதைச் சொல்லிவிட்டார். நிலக்கரியை நேராக எரிப்பதைவிட, அதைக் கொண்டு எந்திரத்தை ஓட்டிச் சூட்டை இறைத்தால் கரி மிச்சமாகும் என்றார். கரி மலிந்து கிடந்த நாட்டில் அது யார் காதில் விழும்?

கரிக்கு வெளிநாட்டை நம்பியிருந்த சுவிட்சர்லாந்தில் விழுந்தது. மலையாறுகளிலிருந்து அங்கே மின்சாரம் கிடைத்தது. 1938-ல் சூரிச் நகர மன்றத்தின் பழைய விறகு அடுப்புகளுக்குப் பதிலாக ஹீட் பம்ப் வைத்தார்கள். பக்கத்தில் ஓடும் லிம்மட் ஆற்றிலிருந்து அது சூட்டை எடுத்தது. அடுத்த ஆண்டு போர் வந்து கரி வரத்து சுருங்கியபோது, அதன் அருமை எல்லோருக்கும் புரிந்தது. 2001 வரை, 63 ஆண்டுகள் ஓடிய எந்திரம் அது!

லண்டன் கதை வேறு. 1951-ல் திறந்த ராயல் ஃபெஸ்டிவல் ஹாலுக்குத் தேம்ஸ் நதியிலிருந்து சூடு எடுத்தார்கள். போர் விமானங்களின் மெர்லின் எஞ்சினுக்கான சூப்பர்சார்ஜர்களையே கம்ப்ரசர்களாக மாற்றிப் போட்டார்கள். எந்திரம் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அரங்குக்கு அவ்வளவு சூடு தேவைப்படவில்லை. பெரிய எந்திரம், பெரிய செலவு; நெடுநாள் நிலைக்கவில்லை. இன்றும் வீட்டின் தேவையை அளக்காமல் கண்மதிப்பில் எஸ்டிமேட் போடுபவர்களைக் கண்டால் எனக்கு இந்த அரங்குதான் நினைவுக்கு வருகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது ஸ்வீடன். 1973-ல் எண்ணெய் விலை நான்கு மடங்கு ஏறியபோது, அங்கே பெரும்பாலான வீடுகள் எண்ணெய் எரித்தே சூடேற்றிக்கொண்டிருந்தன. அரசு கைகொடுக்க, ஹீட் பம்ப் மளமளவென்று பரவியது. 1980-களின் நடுவில் எண்ணெய் விலை சரிந்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. அவசரத்தில் அரைகுறையாகப் பொருத்தியவர்களால் பெயரும் கெட்டிருந்தது. 1991-ல் கார்பன் வரி வந்தது. பின்பு தரமான, விலை குறைந்த பம்புகளும் வந்தன. இன்று அங்கே தனி வீடுகளில் பாதிக்கு மேல் ஹீட் பம்ப்தான். எந்திரத்தின் தத்துவம் மாறவே இல்லை. எரிபொருள் விலைக்கும் கரண்ட் விலைக்கும் உள்ள விகிதம்தான் அதைத் தூக்கியது, கீழேயும் போட்டது.

இப்போது உங்கள் வீடு. 2024 அக்டோபரில் இங்கிலாந்து விலை வரம்பின்படி கரண்ட் யூனிட் 24.5 பென்ஸ், கேஸ் யூனிட் 6.24 பென்ஸ். ஆண்டுக்கு 11,500 யூனிட் கேஸ் எரித்தால் சுமார் 718 பவுண்டு. பாய்லரில் பத்தில் ஒரு பங்கு வீண் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே சூட்டை, ஒன்றுக்கு மூன்று தரும் பம்பில் எடுத்தால் 845 பவுண்டு, நஷ்டம். ஒன்றுக்கு நான்கு தந்தால் 634, லாபம். கேஸ் இணைப்பையே துண்டித்தால் நிலைக்கட்டணத்தில் ஆண்டுக்கு 100 பவுண்டுக்கு மேல் மிச்சம்.

போடும் செலவு பத்தாயிரம் பவுண்டைத் தாண்டுவது சாதாரணம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023 அக்டோபர் முதல் 7,500 பவுண்டு மானியம் உண்டு. வெந்நீர்த் தொட்டிக்கு இடம் வேண்டும், சில அறைகளில் பெரிய ரேடியேட்டரும் வேண்டும். பாய்லர் அளவுக்குத் தண்ணீரைக் கொதிக்கவிடாமல், 45 டிகிரி போல வைத்து நெடுநேரம் ஓட்டினால்தான் அந்த நான்கு மடங்கு பக்கம் நெருங்க முடியும். ஜன்னல் இடுக்கில் காற்று புகும் வீடானால் முதலில் அதை அடையுங்கள்.

பில்லை எடுத்து, கரண்ட் யூனிட் விலையை கேஸ் யூனிட் விலையால் வகுங்கள். விடையில் பத்தில் ஒன்றைக் கழியுங்கள். பம்ப் அதைவிடக் கூடுதலாகத் தருமா, ஆண்டுச் சராசரி எவ்வளவு என்று போடுகிறவரிடம் எழுத்தில் கேளுங்கள். வந்த எண்களைக் கீழே கமென்டில் போடுங்கள். கணக்கில் புலியான நம் ஆட்கள் சரிபார்ப்பார்கள்.