எசுப்பாலியர் கம்பிச் சட்டகம்

எசுப்பாலியர் கம்பிச் சட்டகம் என்பது பழமரங்களை ஒரே தளத்தில் தட்டையாகப் படரவிட்டு வளர்ப்பதற்கென அமைக்கப்படும், தூண்களும் கிடைக்கம்பிகளும் கொண்ட தாங்கி ஆகும். இது பந்தலைப் போல் தலைக்கு மேல் பரவாமல் வேலியைப் போல் செங்குத்தாக நிற்கும். ஆப்பிள், பேரி ஆகிய மரங்கள் இம்முறைக்கு மிகவும் ஏற்றவை.

வரலாறு

தோள் சாய்க்கும் இடம் என்னும் பொருளுடைய இத்தாலியச் சொல்லிலிருந்து பிரெஞ்சு மொழி வழியாக இப்பெயர் தோன்றியது. ஐரோப்பாவின் குளிர்ப் பகுதிகளில், பகல் வெப்பத்தைத் தேக்கி இரவில் வெளியிடும் மதிற்சுவர்களை ஒட்டிப் பழமரங்கள் வளர்க்கப்பட்டன. பதினான்காம் லூயி மன்னருக்காக 1678 முதல் 1683 வரை வெர்சாயில் லா கெந்தினி அமைத்த அரச காய்கறித் தோட்டத்தில் இவ்வாறு படர்த்தப்பட்ட மரங்களை இன்றும் காணலாம்.

அமைப்பு

தூண்கள் ஏறத்தாழ 3 மீட்டர் இடைவெளியில், குறைந்தது 60 செ.மீ. ஆழத்தில் நடப்படுகின்றன. முதற் கம்பி தரையிலிருந்து சுமார் 40 செ.மீ. உயரத்திலும், ஏனையவை அதற்கு மேல் 35 முதல் 45 செ.மீ. இடைவெளியிலும் கட்டப்படும். துத்தநாகம் பூசிய, 2 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட தடிப்புள்ள இரும்புக் கம்பி பயன்படுத்தப்படுகின்றது. சுவரையொட்டி அமைக்கும்போது, காற்றோட்டத்திற்காகக் கம்பிக்கும் சுவருக்கும் இடையே சுமார் 10 செ.மீ. விடப்படும்.

இழுவிசை

சட்டகத்தின் உறுதி பெரும்பாலும் கடைசித் தூண்களைச் சார்ந்தது. 3 மீட்டர் இடைவெளியின் நடுவே 10 கிலோ எடை தொங்கிக் கம்பி 5 செ.மீ. தாழ்ந்தால், கம்பியில் ஏறத்தாழ 150 கிலோ எடைக்கு நிகரான இழுவிசை உண்டாகும். இடைத்தூண்களில் இருபுற இழுவிசைகளும் ஒன்றையொன்று சமன்செய்துகொள்ளும். கடைசித் தூண்களோ ஒருபுறம் மட்டுமே இழுக்கப்படும். எனவே அவற்றின் உட்புறத்தில், அடியில் கல்லில் ஊன்றிய சாய்வு முட்டுக் கொடுக்கப்படும். இடைத்தூண்களில் லாட வடிவ ஆணிகளை முழுவதும் அறையாமல், கம்பி நழுவும் அளவுக்குத் தளர்வாக விடுதல் வேண்டும்.

பராமரிப்பு

வெப்பநிலை 30 பாகை செல்சியசு குறைந்தால், 10 மீட்டர் இரும்புக் கம்பி சுமார் 3.6 மி.மீ. சுருங்க முற்படும். ஆகவே கோடையில் மிகையாக இறுக்கிய கம்பி குளிர்காலத்தில் தூணைச் சாய்க்கக்கூடும். ஒரு முனையில் பொருத்தப்படும் டர்ன்பக்கிள் எனும் இழுவைத் திருகினால் இறுக்கத்தைக் கூட்டவோ குறைக்கவோ இயலும். கிளைகள் மென்மையான கயிற்றால் தளர்வாகக் கட்டப்படும். கிளை பருக்கும்போது கயிறு பட்டையை அறுக்காதவாறு ஆண்டுதோறும் அவிழ்த்துக் கட்டுதல் அவசியம். மரங்கள் பல பத்தாண்டுகள் காய்ப்பவை. கிளைகள் படர்ந்தபின் சாய்ந்த தூணை மாற்றுவது கடினமாதலால், கன்று நடுவதற்கு முன்பே சட்டகம் முழுமையாக அமைக்கப்படுகின்றது.