மணவாளக்குறிச்சி மணல் போன பாதை

மதுரைச் சுற்றுவட்டாரத்துக் கிராமங்களில் கல்யாண ஊர்வலத்துக்கும் சாமி புறப்பாட்டுக்கும் ஒரு காலத்தில் வெளிச்சம் தந்தது பெட்ரோமாக்ஸ். அதன் உயிர் மேண்டில். தோரியம் நைட்ரேட்டில் ஊறவைத்த வலைப்பை அது. முதல்முறை பற்றவைத்ததும் நூல் எரிந்துபோய்த் தோரியம் ஆக்சைடின் கூடு மட்டும் நிற்கும். விரல் பட்டால் உதிரும். ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் செந்தில் நசுக்கிவிடுவது இதைத்தான். உதிர்வது கதிரியக்கமுள்ள தூள். விளக்கைத் தலையில் சுமந்து நடந்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை.

தோரியத்தின் ஊர் தென்கோடிக் கடற்கரை. மலைப் பாறைகள் சிதைந்து, ஆறுகள் வழியே கடலுக்கு வந்து, அலை சலித்து ஒதுக்கிய கருமணலில் மோனசைட் என்ற தோரியத் தாது இருக்கிறது. 1909இல், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கொண்டு அதை அடையாளம் கண்டவர் ஷாம்பர்க் என்ற ஜெர்மானியர். பிறகு மணவாளக்குறிச்சியில் ஆலையே வைத்தார். ஐரோப்பாவின் தெருவிளக்குகளுக்கு மேண்டில் தேவைப்பட்ட காலம் அது. அணு யுகம் பிறந்ததும் அதே மணல் அரசாங்கச் சொத்தாக மாறியது. 1950இல் இந்திய அருமண் நிறுவனம் தொடங்கப்பட்டது.

மணல் போன இடமெல்லாம் கணக்கில் ஏறியது. மணல்மேலேயே தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவர்களைப் பற்றிய கேள்வி பிந்தித்தான் வந்தது. இயற்கைக் கதிர்வீச்சின் உலகச் சராசரி ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். கொல்லம் மாவட்டத்துக் கரையோரத்தில் சில வீடுகளில் அது பத்து மடங்குக்கும் மேல். மரபணுவுக்கு என்ன ஆகும்?

முதலில் பதில் கேட்கப்பட்டது எலியிடம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் மரபியலாளர் ஹான்ஸ் குரூனெபெர்க் 1960களில் கேரளக் கரைக்கு வந்து, மணல் பகுதியிலும் அதற்கு வெளியேயும் வீட்டெலிகளைப் பிடிக்கச் செய்தார். கூண்டு எலி அல்ல. அதே மணல்மேல், அதே வீடுகளில், எத்தனையோ தலைமுறையாக அங்கேயே பெருகிய எலி. கேடு இருந்தால் சேர்ந்து தெரியும் என்பது எதிர்பார்ப்பு. எலும்புகளின் சிறு மாறுபாடுகளையும் பற்களையும் அளந்து பார்த்தார்கள். 1966இல் வெளியான அறிக்கை, கதிர்வீச்சால் வந்தது என்று சொல்லும்படியான வேறுபாடு எதையும் காட்டவில்லை.

நேர்மையான ஆய்வு அது. ஆனால் அந்த எலி நமக்காகச் சாட்சி சொல்ல முடியாது என்றே நினைக்கிறேன். சில மாதங்களில் குட்டி போட்டுவிடும் உயிர் அது. மனிதரோ இருபது, முப்பது வருடம் கதிர்வீச்சை உடம்பில் வாங்கிய பிறகு பிள்ளை பெறுகிறோம். எலும்பில் தெரியாத மாற்றம் மரபணுவில் இருக்கலாம்.

இருந்தாலும் விலங்கை விட்டால் வழியில்லை. ஹிரோஷிமா, நாகசாகியில் தப்பியவர்களின் பிள்ளைகளிடம் தெளிவான மரபுக் கேடு காணப்படவில்லை. அதனால் ஐ.நா.வின் அறிவியல் குழு 2001இல் மனிதருக்கான பரம்பரை அபாயத்தை மதிப்பிட்டபோது, கதிர்வீச்சால் வரும் மரபணுப் பிறழ்வின் வேகத்தைச் சுண்டெலியிடமிருந்தே எடுத்தது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் வில்லியம் ரஸ்ஸல் லட்சக்கணக்கில் வளர்த்த சுண்டெலிகள் அதற்குப் பெரும் ஆதாரம். ஒரே அளவு கதிர்வீச்சை மெதுவாகக் கொடுத்தால் பிறழ்வு குறைகிறது என்பதை 1958இல் காட்டியவையும் அவைதான். நம் கரையோர மக்கள் வாங்குவது அப்படி மெதுவாக வரும் கதிர்வீச்சுதான்.

மனிதரிடம் நேராகச் செய்த ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. 2002இல் ஃபார்ஸ்டர் என்ற ஆய்வாளரின் குழு, கேரள மணல் பகுதிக் குடும்பங்களின் மைட்டோகாண்ட்ரியா மரபணுவில் மாற்றங்கள் கூடுதலாக இருப்பதைக் கண்டது. 2009இல் வெளியான, கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளி ஆய்வு 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டு தொடர்ந்து பார்த்து, கதிர்வீச்சால் புற்றுநோய் கூடவில்லை என்றது. மரபணு மாறுவதும் நோய் வருவதும் ஒன்றல்ல. ஆகவே இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

இப்போது கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கத் திட்டம் இருக்கிறது. ஊர் எதிர்த்து நிற்கிறது. எடுத்தால் கதிர்வீச்சு குறையும் என்பார்கள் சிலர், கூடும் என்பார்கள் வேறு சிலர். அரசு முதலில் ஒவ்வொரு வீட்டிலும் கதிர்வீச்சை அளக்கட்டும். தாய், தந்தை, பிள்ளை என்று குடும்பம் குடும்பமாக, அவர்கள் சம்மதத்தோடு மரபணுவைப் பார்க்கட்டும். முடிவை அந்த ஊர்களிலேயே தமிழில் படித்துச் சொல்லட்டும். அதுவரை அங்கே இயந்திரத்தை இறக்கக் கூடாது.