ஏர்வாடிக் கொட்டகைகளுக்கு ஓர் இரங்கல்

ஏர்வாடியில் மனநோயாளிகளைக் கட்டிப்போட்டு வைத்திருந்த கீற்றுக் கொட்டகைகள் 2001 ஆகஸ்டில் மறைந்தன. அந்த மாதம் 6ஆம் தேதி, பொழுது விடியுமுன், மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகம் என்று பெயர் வைத்திருந்த கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் படுத்திருந்தார்கள். காலில் சங்கிலி கிடந்ததால் பெரும்பாலோரால் எழுந்து ஓட முடியவில்லை. மொத்தம் 28 பேர் இறந்தார்கள். யார் யார் என்று உடலைப் பார்த்து அடையாளம் சொல்ல முடியவில்லை. ஒரு வாரத்தில் ஏர்வாடியில் இருந்த அதுபோன்ற விடுதிகளையெல்லாம் அரசு இழுத்து மூடியது; 500க்கு மேற்பட்ட நோயாளிகளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.

போனது நல்லதுக்குத்தான். அழுவதென்றால் அந்த 28 பேருக்காகத்தான் அழ வேண்டும். ஆனாலும் இந்த இரங்கலைக் கொட்டகைக்கும் சேர்த்தே எழுதுகிறேன். எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் வழி தெரியாமல் நின்ற நாட்களில், ‘கொண்டுவந்து விடுங்க, நாங்க பாத்துக்கிறோம்’ என்று சொல்ல அந்தக் கொட்டகைகளை விட்டால் ஆள் இல்லை. சொன்னபடி அவை பார்த்துக்கொள்ளவில்லை. அது வேறு விஷயம், அதற்கும் வருகிறேன்.

எங்கள் ஊர் சிலமலை, போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் போகிற சாலையில் இருக்கிறது. மேற்கே மலை. அந்த மலைக்கு மேலே உள்ள ஏலத்தோட்டங்களை நம்பித்தான் இங்கே பல வீடுகளில் உலை கொதிக்கிறது. இருட்டு விலகுமுன் ஜீப் வந்து நிற்கும். போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, கேரள எல்லை தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்துத் தோட்டங்களில் ஆட்களை இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றிக்கொண்டு வரும். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேலே வளரும். காயோ தூரடியில், மண்ணை ஒட்டிப் படர்ந்த சரத்தில் காய்க்கும். குந்தி உட்கார்ந்து, விளைந்த காயை மட்டும் பார்த்து விரலால் கிள்ளி எடுக்க வேண்டும். பிஞ்சு கையோடு வந்துவிட்டால் கங்காணி சத்தம் போடுவார். இப்படி நாளெல்லாம் குந்தி எடுத்துவிட்டு வருகிறவர்கள் வீட்டில் ஒருவருக்குப் புத்தி பேதலித்துவிட்டால், வீட்டில் யார் இருப்பது? ஒருத்தர் இருந்தால் ஒரு கூலி போச்சு. ஏர்வாடிக்குப் பஸ் ஏற்றியது இந்தக் கணக்குதான். பேய், செய்வினை, காத்து கருப்பு என்ற நம்பிக்கையும் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. கூலிக் கணக்கு அதற்கும் முந்தி நின்றது.

முதலில் குலசாமி. பிறகு குறி கேட்பது, மந்திரித்த கயிறு, தாயத்து. மலையேறிப் பழகியவர்கள் சோட்டானிக்கரை பகவதி சன்னதிக்கும் கூட்டிப்போய்ப் பார்ப்பார்கள். ஒன்றுக்கும் அடங்காமல் போனபிறகுதான் ஏர்வாடி. போடி, தேனி, மதுரை, பரமக்குடி, ராமநாதபுரம், கீழக்கரை என்று பஸ் மாறி மாறிப் போக வேண்டும். நோயாளியை ஜன்னலோரம் உட்கார வைத்து, பக்கத்தில் மாமனோ மச்சானோ உட்கார்ந்து, இரண்டு பேர் மணிக்கட்டையும் ஒரு துண்டால் சேர்த்துக் கட்டிக்கொள்வார்கள். கட்டு தெரியாமல் இருக்க மேலே இன்னொரு துண்டு கிடக்கும். யாராவது கேட்டால், ‘ஒடம்புக்கு முடியல, பெரியாஸ்பத்திரிக்குப் போறோம்’ என்பார்கள்.

ஏர்வாடி தர்காவில் அடங்கியிருப்பவர் சுல்தான் சையது இப்ராகிம் ஷஹீத். அவரைத் தேடி எல்லா மதத்தவரும் வருவார்கள். கேரளத்திலிருந்தும் திரளாக வருவார்கள். தர்கா விளக்கின் எண்ணெயும் அங்கே தருகிற தண்ணீரும்தான் மருந்து. கனவில் உத்தரவு வர வேண்டும், வந்தால்தான் வீடு திரும்பலாம். சிலருக்கு இரண்டு மாதத்தில் வந்துவிடும். சிலருக்கு வருஷக்கணக்கில் வராது. இப்படிக் காத்துக் கிடந்த கூட்டத்தைப் பார்த்துத்தான் தனியார் சிலர் தர்காவைச் சுற்றிக் கொட்டகை போட்டுப் பணம் வாங்க ஆரம்பித்தார்கள். தர்கா வேறு, கொட்டகைக்காரர்கள் வேறு. தீ விபத்துக்குப் பிறகு பலர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசியது நியாயமில்லை.

கொட்டகைகளில் பகலில் மரத்தோடு கயிறு. இரவில் கட்டிலோடு சங்கிலி. பிரம்படியும் உண்டு. 1987இல் நிறைவேறி 1993இல் நடைமுறைக்கு வந்த மனநலச் சட்டப்படி, நோயாளிகளை வைத்துப் பராமரிக்கிற தனியார் இடம் எதுவானாலும் உரிமம் பெற வேண்டும், அதிகாரிகள் வந்து பார்க்க வேண்டும். ஏர்வாடியில் அந்தச் சட்டம் எட்டு வருஷமும் காகிதத்தில் கிடந்தது.

எனக்குச் சித்தப்பா முறை ஆகிற ஒருவர் அங்கே இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். தீ விபத்துக்கு முன்பே குடும்பத்தார் போய்க் கூட்டி வந்துவிட்டார்கள். அங்கே நடந்ததை அவர் யாரிடமும் சொன்னதில்லை. கோயில் திண்ணையில் காலை நீட்டும்போதுதான் தெரியும். வலது கணுக்காலைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு முடியே இல்லாத, வழவழவென்று கறுத்த தோல். எலும்பு முட்டுகிற இடத்தில் காய்ப்பு. அதன்மேல் கொசு உட்கார்ந்து கடித்தாலும் அவருக்கு உறைக்காது. எந்த வாசலானாலும் இடது காலை முதலில் எடுத்து வைத்து, ஒரு கணம் நின்று, வலது காலை மெதுவாக இழுத்துக்கொள்வார். கட்டு எட்டுமா என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கால். சாகிறவரைக்கும் அப்படியேதான் நடந்தார்.

அவரைக் கொண்டுபோய் விட்டது அவருடைய அக்கா. தம்பிக்குச் சோறு போட்டு வைக்கும்போது அந்த அம்மா கண் அந்தக் காலின் பக்கம் போகாது. ‘ஏன் அத்தை அங்க விட்டீங்க?’ என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். ‘வேற எங்கடா கொண்டுபோவேன், நீ சொல்லு’ என்றார்.

அரசாங்கம் வைத்திருந்த பதில் சென்னைக் கீழ்ப்பாக்கம். மாநிலம் முழுவதற்கும் அரசு மனநல மருத்துவமனை என்று அது ஒன்றுதான் இருந்தது. போடியிலிருந்து ஓர் இரவுப் பயணம். அந்த மருத்துவமனையின் ஆரம்பமும் ஒரு தனியார் விடுதிதான். 1794இல் வாலண்டைன் கனோலி என்ற கிழக்கிந்தியக் கும்பினி மருத்துவர் சென்னையில் மனநோயாளிகளுக்கென ஒரு வீட்டை நடத்தினார். வாடகையும் நோயாளிகளின் செலவும் கும்பினி கொடுத்தது. 1871இல் அந்த விடுதி கீழ்ப்பாக்கத்துக்கு, லோகாக் தோட்டத்துக்கு மாறியது. 1858ஆம் வருஷச் சட்டமும் அதன்பின் வந்த 1912ஆம் வருஷச் சட்டமும் நோயாளியைப் போலீஸ், மாஜிஸ்திரேட் கை வழியாகவும் உள்ளே அனுப்ப வழி வைத்தன. திருடனைப் பிடித்துப் போகிற அதே வழி. அதனால் குணமாகி வெளியே வந்தவரையும் ஊர் சேர்த்துக்கொள்ள யோசித்தது. கீழ்ப்பாக்கம் என்றாலே சிரிக்கச் சினிமா பழக்கியது. எங்கள் ஊரில் நோயாளி உள்ள வீட்டார் அந்தப் பெயரைச் சொல்லக் கூசினார்கள். ஏர்வாடி என்றால் நேர்த்திக்கடனுக்குப் போனதாகச் சொல்லிக்கொள்ளலாம். கீழ்ப்பாக்கத்துக்கு அந்த மறைப்பு கிடையாது.

கீழ்ப்பாக்கத்துக்குள் நல்ல மனிதர்கள் பாடுபட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை அங்கே கண்காணிப்பாளராக இருந்தார். அடைத்து வைப்பதோடு வைத்தியம் முடிந்துவிடாது, நோயாளி வேலை செய்து வாழ வேண்டும் என்று நின்றவர். ஓய்வுக்குப் பிறகும் விடாமல் 1984இல் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பைத் தொடங்கினார். அவர் சென்னையில் செய்த வேலையில் கால்வாசி அன்றைக்கே மலையடிவாரத்துக்கு வந்திருந்தால், அந்த அக்கா தன் தம்பியின் கையில் துண்டைக் கட்டியிருக்க மாட்டார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சங்கிலியை அவிழ்க்கிற கதையில் உலகம் எப்போதும் மருத்துவர் பெயரைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறது. பாரிஸில் பிசேத்ர் விடுதியில் நோயாளிகளின் சங்கிலியை அகற்றியவர் பினெல் என்று பாடப் புத்தகங்கள் சொல்லும். 1797இல் அதைச் செய்தவர் அங்கே மேற்பார்வை பார்த்துவந்த பூசேன். அவர் மருத்துவரே இல்லை. ஒரு காலத்தில் அதே இடத்தில் நோயாளியாக இருந்தவர். இரவும் பகலும் நோயாளியோடு கிடப்பவருக்குத்தான் எதை அவிழ்த்தால் என்ன ஆகும் என்று தெரியும். சிலமலையில் அந்த வேலையை இன்றுவரை அம்மாக்களும் அக்காக்களும் சம்பளமில்லாமல் செய்கிறார்கள்.

தீ விபத்தை உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. முதலில் வந்த எண்ணிக்கைப்படி, சங்கிலியில் கட்டப்பட்ட 25 பேரின் சாவு என்றே அந்த வழக்குக்குப் பெயர். மாநிலத்துக்கு ஓர் அரசு மனநல மருத்துவமனையாவது வேண்டும் என்று 2002இல் உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் அந்த ஒன்று ஏற்கெனவே கீழ்ப்பாக்கத்தில் இருந்தது. ஏர்வாடி அதைத் தாண்டித்தான் வளர்ந்தது. கொட்டகை நடத்தியவர்களுக்கு 2007இல் ஏழு வருஷம் தண்டனை கிடைத்தது. 2017இல் புதிய மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்து மறுவருஷம் நடைமுறைக்கு வந்தது. எந்த வகையிலும் எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று அதன் 95ஆம் பிரிவு சொல்கிறது. இருபத்தெட்டு உயிர் கொடுத்து வாங்கிய வாசகம் அது.

மூடுவதைப் பற்றி இத்தாலியைப் பார்த்து ஒன்று கற்றிருக்கலாம். 1978இல் 180ஆம் எண் சட்டம் போட்டு மனநோய் விடுதிகளையே மூட அந்த நாடு முடிவெடுத்தது. அவற்றுக்குப் பதிலாக மக்கள் வாழும் இடத்திலேயே மனநல சேவை வேண்டும் என்பதையும் அதே சட்டம் சொன்னது. ட்ரியெஸ்தே நகரத்து மையங்கள் இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருக்கும்படி அமைந்தன. அமெரிக்காவில் பெரிய விடுதிகளைக் காலி செய்தார்கள், ஊருக்குள் தருவதாகச் சொன்ன மையங்கள் போதுமான அளவு வரவில்லை; நிறைய பேர் தெருவிலும் சிறையிலும் போய்ச் சேர்ந்தார்கள். எங்களுக்கு வாய்த்தது இந்த இரண்டாவது வழியின் சிறிய உருவம். கொட்டகை போனது, நோயாளி வீட்டுக்கு வந்தார், வீட்டில் யாருமில்லை.

நல்லதும் வந்திருக்கிறது. தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை க.விலக்கில் இருக்கிறது, அங்கே மனநலப் பிரிவு உண்டு, மாத்திரை இலவசம். ஏர்வாடியிலேயே தர்காவுக்குப் பக்கத்தில் மருத்துவர்கள் உட்கார்ந்து, துவாவும் ஓதிக்கொள்ளுங்கள், மருந்தும் சாப்பிடுங்கள் என்று சொல்லும் திட்டம் நடக்கிறது. நோயாளியின் நம்பிக்கையை ஏளனம் செய்யாமல் வைத்தியம் கொடுப்பதை நான் பெரிய மாற்றமாக மதிக்கிறேன். தினம் மாத்திரை விழுங்க மறுப்பவர்களுக்கு மாதம் ஒரு ஊசி இருக்கிறது. ஆனால் பழைய மருந்துகளில் சிலருக்குக் கை விறைக்கும், நடுங்கும். விறைத்த விரலால் சரத்திலிருந்து காயைக் கிள்ள முடியாது; எடை குறையும், மறுநாள் ஜீப்பில் இடம் கிடைக்காது. அப்படி வேலை போனவர், ‘மருந்தாலதான் கெட்டேன்’ என்று ஊசியை நிறுத்துகிறார். நோய் திரும்புகிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதை மருத்துவரிடம் எடுத்துச் சொல்லி மருந்தை மாற்றிக் கேட்க, காலையில் ஒருவர் கூலியை விட்டுவிட்டு அவரோடு க.விலக்குக்குப் போக வேண்டும்.

அப்படிப் போக முடியாத வீடுகளில் நோயாளியை உள்ளே விட்டு, வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு மலைக்குப் போகிறார்கள். ஜன்னல் வழியே சோற்றுத் தட்டை நீட்டப் பக்கத்து வீட்டுக் கிழவியிடம் சொல்லிவைப்பார்கள். தாழ்ப்பாள் போட்ட வீட்டில் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்கும் தெரியும். ஏர்வாடிச் செய்தி இந்தச் சாலையில் ஒவ்வொரு வீட்டுக்கும் வந்து சேர்ந்த செய்திதான்.

2017ஆம் வருஷச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, நோயாளியை மட்டும் பேசவில்லை. குடும்பத்துக்குத் துணை நிற்கும் சேவை, வீட்டோடு மறுவாழ்வு, இடைநிலை இல்லங்கள் என்று அரசு தர வேண்டியவற்றைச் சொல்கிறது. அந்தப் பிரிவை வைத்து சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம் பக்கத்துக்கு நான் கேட்பது பகலில் விட்டுப்போக ஓர் இடம். ஓர் ஓட்டு வீடு போதும், கட்டடம் பெரிதாக வேண்டாம். பத்து மணிக்குத் திறந்து ஐந்து மணிக்குப் பூட்டுவதாக இருந்தால் எங்களுக்கு உதவாது. அதற்குள் ஜீப் போடிமெட்டைத் தாண்டியிருக்கும், சாயங்காலமும் திரும்பியிருக்காது. விடிகாலை ஐந்து மணிக்குத் திறக்க வேண்டும், கடைசி ஜீப் ஆளை இறக்குகிறவரை திறந்திருக்க வேண்டும். காலைக் கஞ்சி ஊற்றி, மாத்திரையை விழுங்கவைத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டு கூடவே இருக்க இந்த ஊர்ப் பெண்கள் இரண்டு பேருக்குத் தோட்டக் கூலிக்குக் குறையாத சம்பளத்தில் அங்கே வேலை கொடுக்க வேண்டும்.