தென்னமரத்தில் விளைந்த செம்பனை

கோலசிலாங்கூர் வட்டாரத்துப் பள்ளிகளில் பணிபுரியும் ஆசிரியர்கள் ஆண்டுக்கொரு முறையேனும் மாணவர்களை மெலாவாத்தி குன்றுக்கு அழைத்துச் செல்வது வழக்கம். 1784-ஆம் ஆண்டில் டச்சுக்காரர்கள் அக்குன்றைக் கைப்பற்றித் தங்கள் ஆளுநரின் பெயரால் கோட்டைக்குப் பெயர் சூட்டியதையும், மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதனை மீட்டதையும் பீரங்கிகளின் அருகே நின்றுகொண்டு சொல்லுவோம். பிறகு 1907-இல் எழுப்பிய கலங்கரை விளக்கத்தைக் காட்டுவோம். அதற்குள் பிள்ளைகளின் கவனம் குரங்குகளின் பக்கம் போய்விடும். வரலாற்றுப் பாடம் அத்துடன் முடிந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஒரு பயணத்தில் எங்கள் பேருந்து பெஸ்தாரி ஜெயாவைக் கடந்தது. 2007-ஆம் ஆண்டு வரை பத்தாங் பெர்ஜுந்தை என்று வழங்கிய ஊர் அது. பெரியவர்கள் நாவில் இன்னும் பழைய பெயர்தான். சாலையோரப் பலகை ஒன்றை எழுத்துக்கூட்டிப் படித்த நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன், "ஐயா, தென்னமரம் என்று எழுதியிருக்கிறதே! ஆனால் இங்கே எல்லாம் செம்பனையாகத்தானே நிற்கிறது?" என்று கேட்டான். அன்று பேருந்தின் இரைச்சலில் அவனுக்கு நான் சொன்னது அரைகுறை விடை. அவன் கேட்டதோ இந்நாட்டுப் பொருளாதார வரலாற்றின் நடுவில் கைவைக்கும் கேள்வி.

தென்னமரம் என்னும் அத்தோட்டம்தான் மலாயாவில் வாணிக நோக்கத்துடன் செம்பனை பயிரிடப்பட்ட முதல் தோட்டம். ஆண்டு 1917. இன்று உலகச் செம்பனை எண்ணெய் உற்பத்தியில் இந்தோனேசியாவும் மலேசியாவும் முதலிரண்டு இடங்களில் நிற்கின்றன. இந்நாட்டைப் பொறுத்தவரை அப்பெருந்தொழிலின் முதற்படி, தூய தமிழ்ப் பேச்சு வழக்கில் பெயர் பெற்ற ஒரு தோட்டத்தில் வைக்கப்பட்டது. 'தென்னைமரம்' என்று இலக்கணம் பார்த்து எழுதியவர் வைத்த பெயரன்று அது. லயத்தில் ஒலித்த சொல்லை உரோமன் எழுத்தில் அப்படியே பிடித்து வைத்தது. ஆங்கில நூல்கள் சிலவற்றில் ஈற்றெழுத்துத் திரிந்து 'தென்னமரன்' என்றும் காணப்படுகிறது. எழுதியவர்களுக்கு அது மரத்தின் பெயர் என்பதே தெரியாதிருந்திருக்கலாம்.

அங்குச் செம்பனையை நடச் செய்தவரின் கதை அதனினும் வியப்பானது. ஆன்ரி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் அவர். 1879-இல் பிரான்சின் தென்மேற்கிலுள்ள பார்பெசியே என்னும் சிற்றூரில் பிறந்தவர். இளமையில் இங்கிலாந்தில் ஒரு பள்ளியில் பிரெஞ்சு மொழியும் இசையும் கற்பித்து வந்தார். ஆக, தொழிலால் அவர் நம்மவர், ஒரு வாத்தியார்! போர்னியோவில் சவ்வரிசி மரம் பயிரிட்டால் செல்வம் குவியும் என்று எங்கோ படித்துவிட்டு 1905-இல் கப்பலேறினார். சிங்கப்பூரில் இறங்கியவர், எதிர்காலம் சவ்வரிசியில் இல்லை, இரப்பரில்தான் இருக்கிறது என்று கண்டுகொண்டு சிலாங்கூருக்கு வந்து சேர்ந்தார். கிள்ளானுக்கு அருகில் ஒரு தோட்டத் துரையிடம் தொழில் பழகியபோதே மலாய் மொழியையும் தமிழையும் கற்றார். பின்னர்ச் சிலாங்கூர் ஆற்றங்கரையில் ரந்தாவ் பாஞ்சாங் என்னுமிடத்தில் நிலம் வாங்கிக் காடு வெட்டிக் குடியேறினார்.

தமிழ் கற்ற துரைமார் அக்காலத்தில் அரிதல்லர் என்பதையும் இங்குச் சொல்லிவிட வேண்டும். தமிழகத்திலிருந்து கங்காணிகள் ஆளெடுத்து வந்த தோட்டங்களில் தமிழ் தெரியாமல் விடியற்காலைப் பிரட்டில் நிற்பதே கடினம். அத்தமிழ் பெரும்பாலும் ஏவல் தமிழ். 'வா', 'போ', 'வெட்டு' என்பதற்கு மேல் செல்லாதது. ஃபொக்கோனியேவின் தமிழ் எந்த அளவினதாயினும், அவர் செவி கூர்மையானது என்பதற்குப் பின்னர் அவர் எழுதிய நூலே சான்று.

அவருக்குச் செம்பனை விதை கிடைத்த வரலாறு நீண்டது. செம்பனை ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு உரிய மரம். 1848-ஆம் ஆண்டில் நான்கே நான்கு கன்றுகள் ஜாவாவிலுள்ள போகோர் தாவரத் தோட்டத்திற்கு வந்து சேர்ந்தன. அவற்றின் வழித்தோன்றல்கள் சுமத்திராவின் டெலிப் பகுதியில் புகையிலைத் தோட்டங்களின் சாலையோரங்களில் அழகுக்காக நடப்பட்டன. பல்லாண்டுகள் அவை வெறும் அழகு மரங்களாகவே நின்றன. ஏட்ரியன் ஹாலெட் என்ற பெல்ஜியர் அம்மரங்களின் பழத்தில் ஆப்பிரிக்க மரத்தைக் காட்டிலும் எண்ணெய் மிகுதி என்று உணர்ந்து, 1911-இல் சுமத்திராவில் தோட்டப் பயிராக நடத் தொடங்கினார். அவர் ஃபொக்கோனியேவின் தொழிற்கூட்டாளி. அவ்வழியாகவே டெலி விதைகள் மூட்டைகளில் கடல் தாண்டி ரந்தாவ் பாஞ்சாங்கிற்கு வந்தன. சில ஆண்டுச் சோதனைக்குப் பின், காப்பி பயிரிட்டுப் பயன் தராத நிலத்தில், தென்னமரம் தோட்டத்தில், செம்பனை வரிசையாக ஊன்றப்பட்டது.

'ஃபொக்கோனியே நட்டார்' என்று நூல்கள் எழுதுகின்றன. 1914-இல் முதல் உலகப்போர் மூண்டதும் பிரான்சுக்குச் சென்று படையில் சேர்ந்து, போர் ஆண்டுகளின் பெரும்பகுதியைப் படைவீரராகவே கழித்தவர் அவர். 1917-இல் தென்னமரத்தில் குழி தோண்டிய கைகளும், கன்றைத் தூக்கி வைத்த கைகளும் யாருடையவை என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. அக்காலச் சிலாங்கூர்த் தோட்டங்களில் உழைத்தவர்களில் தமிழரே மிகுதி. அவர்களோடு ஜாவானியரும் சீனரும் இருந்தனர்.

மரத்தின் கதையில் இன்னொரு வியப்பு உண்டு. அது என் வீட்டைத் தொட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து மரம் வந்தது. ஆனால் அதன் பூவில் மகரந்தம் சுமக்கும் சிறு வண்டு உடன் வரவில்லை. காற்றே அவ்வேலையைச் செய்கிறது என்று வல்லுநர்கள் நெடுங்காலம் நம்பினர். காற்றுச் செய்தது போதவில்லை. எனவே தோட்டங்களில் ஆட்களை விட்டு, ஆண் பூவின் மகரந்தத்தைத் தூளோடு கலந்து, பெண் பூங்கொத்துகளில் கையால் ஊதச் செய்தனர். என் தாயார் அவ்வேலை செய்தவர். மாலையில் வீடு திரும்பும்போது அவர் தலைத்துணியில் வெண்ணிறத் தூள் படிந்திருக்கும். 'அம்மா பவுடர் போட்டுக்கொண்டு வருகிறார்' என்று நாங்கள் சிரிப்போம். ஆர். ஏ. சையது என்ற பாகிஸ்தானியப் பூச்சியியல் அறிஞர், கேமரூன் நாட்டில் ஆராய்ந்து, இப்பணி வண்டினுடையது என்று நிறுவினார். 1981 பிப்ரவரியில் அவ்வண்டுகள் ஜொகூரிலுள்ள ஒரு தோட்டத்தில் முதன்முதலாக விடப்பட்டன. அவை விரைவில் எங்கும் பரவின. அத்துடன் கையால் ஊதும் வேலையும் ஒழிந்தது. தாயாருக்கு வேறு வேலை கொடுத்தார்கள். ஓர் அரிசி மணியினும் சிறிய வண்டு தம் வேலையை எடுத்துக்கொண்ட செய்தியை அவர் கடைசி வரையில் நம்பவில்லை.

ஃபொக்கோனியே 1925-இல் துனீசியாவில் குடியேறினார். தாம் வாழ்ந்த மலாயாவை நெஞ்சில் இருத்தி ஒரு புதினம் எழுதினார். 1930-இல் 'மலேசி' என்னும் பெயரில் அது வெளிவந்தது. அவ்வாண்டே பிரான்சின் மிகப் பெரிய இலக்கிய விருதாகிய கோன்கூர் பரிசை வென்றது. மறு ஆண்டில் ஆங்கிலத்திலும் வந்தது. மூன்றாண்டுகள் கழித்து அவர் தங்கை ஜெனவியேவ், 'குளோத்' என்னும் தம் புதினத்திற்காக ஃபெமினா பரிசைப் பெற்றார். ஒரே வீட்டில் அண்ணனுக்கும் தங்கைக்கும் இத்தகைய இரு பரிசுகள் கிடைத்தது அரிய செய்தி. பாரிசில் பரிசளித்துப் போற்றப்பட்ட அந்நூலின் மண்ணும் மழையும் ஆறும் நம் வட்டாரத்தைச் சேர்ந்தவை. ஆனால் கோலசிலாங்கூரில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

அந்நூலில் தமிழர் இல்லாமலில்லை. தோட்டத்தின் உழைப்பாளிகளாக வருகின்றனர். எனினும் நூலாசிரியரின் உள்ளத்தைக் கவர்ந்தது மலாய் வாழ்வே. பந்துன் பாடல்களின் மேல் அவருக்குப் பெருங்காதல். நூலின் பகுதிகளுக்கு முகப்பாகவே அவற்றை வைத்தார். அதில் நமக்குக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஒரு கலைஞன் எதைக் காதலிக்க வேண்டும் என்று தோட்டத்துக் கணக்குப் புத்தகம் கட்டளையிட முடியாது.

குறைசொல்லத் தோன்றுவது மற்றொருவர் நூலில். அவரும் பிரெஞ்சுக்காரர், அவரும் மலாயாத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். பியேர் பூல் என்னும் அப்பொறியாளர் 1936-இல் இங்கு வந்து, ஃபொக்கோனியேயும் ஹாலெட்டும் தொடர்புகொண்டிருந்த அதே சொக்பின் நிறுவனத்தின் இரப்பர்த் தோட்டப் பணியில் அமர்ந்தார். போர் வந்ததும் விடுதலைப் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, இந்தோசீனாவில் மேகோங் ஆற்றில் பிடிபட்டுச் சிறையிருந்து, 1944-இல் தப்பினார். அவரைச் சிறைப்பிடித்தவர்கள் ஜப்பானியர் அல்லர். விசி அரசைச் சார்ந்த பிரெஞ்சுக்காரர்களே! 1952-இல் அவர் எழுதிய 'குவாய் ஆற்றுப் பாலம்' உலகப் புகழ் பெற்றது. சயாம் இரயில் பாதையில் அவர் ஒரு நாளும் கைதியாக இருந்ததில்லை.

அந்நூலையும் 1957-இல் வந்த படத்தையும் சுற்றிப் பொய்த்தோற்றங்கள் பல. படத்தில் வரும் ஆறு சயாமில் இல்லை. இலங்கையின் கித்துல்கல என்னுமிடத்தில் ஓடும் களனி ஆறு. காஞ்சனபுரியில் உண்மையான பாலம் கட்டப்பட்ட ஆற்றின் பெயரும் அன்று குவாய் அன்று. அது மே குளோங். படம் பார்த்துவிட்டு வந்த பயணிகள் குவாய் எங்கே என்று கேட்கவே, 1960-ஆம் ஆண்டையொட்டி ஆற்றின் அப்பகுதிக்கே 'குவே யாய்' எனப் பெயர் மாற்றிவிட்டனர். கதைக்கு ஏற்ப ஆறு பெயர் மாறிய புதுமை இது. திரைக்கதைக்கான ஆஸ்கார் விருதோ, அத்திரைக்கதையை எழுதாத பூலுக்கே வழங்கப்பட்டது. எழுதிய கார்ல் ஃபோர்மனும் மைக்கேல் வில்சனும் பொதுவுடைமையர் என்ற ஐயத்தால் ஆலிவுட்டில் விலக்கப்பட்டிருந்தனர். இருவரும் மறைந்தபின், 1980-களின் நடுவில்தான் அவர்கள் பெயருக்கு அவ்விருது அளிக்கப்பட்டது.

இவையெல்லாம் கேட்கச் சுவையானவை. நெஞ்சை அறுப்பது வேறு. 1942-43-இல் 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் உழைத்த நேசநாட்டுக் கைதிகள் ஏறத்தாழ 61,000 பேர். இறந்தவர்கள் 12,000-க்கு மேல். ஆசியத் தொழிலாளரோ 1,80,000-க்கும் மேற்பட்டவர் எனக் கணக்கிடுகின்றனர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் மடிந்தனர். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் 75,000 அளவினர். பெரும்பாலோர் தோட்டத் தமிழர். போரில் இரப்பர் வாணிகம் முடங்கியது. வேலையும் அரிசியும் இல்லாத தோட்டங்களிலிருந்து சிலர் கூலியை நம்பிப் போயினர், பலர் பிடித்து ஏற்றப்பட்டனர். மருத்துவர் உடனிருந்த படைவீரர்களுக்கே கொடுமை அவ்வளவென்றால், காலராவின் முன் தலைவனும் மருந்துமின்றி நின்றவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

தமிழ்த் தொழிலாளர் நடுவே வாழ்ந்த பூல், அவர்களைத் தம் பாலத்தில் காணவில்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண இரயில்' போன்ற புதினங்களை நம்மவரே எழுத வேண்டியதாயிற்று.

என் பாட்டனாரின் தம்பி அப்படிப் போனவர். போனது தெரியும், திரும்பவில்லை என்பதும் தெரியும். இடையில் உள்ளது எதுவும் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்படத்தைத் தொலைக்காட்சியில் ஒருமுறை காட்டினார்கள். நான் அப்பொழுது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தேன். தாயார் அடுப்படிக்கும் கூடத்திற்குமாக நடந்துகொண்டே பார்த்தார். பாலம் வெடித்துச் சிதறிப் படம் முடிந்ததும், "வெள்ளைக்காரன் எல்லாம் வந்துட்டான். நம்ம ஆளுங்க எங்கேப்பா?" என்றார். என்னிடம் விடையில்லை; தொலைக்காட்சியை அணைத்தேன்.

பின்னர் ஒரு பள்ளி விடுமுறையில் காஞ்சனபுரிக்குச் சென்றேன். நேசநாட்டு வீரர்களின் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கற்கள். ஒவ்வொன்றும் தனித்தனியே, புல் ஒரே அளவில் வெட்டப்பட்டு, பெயரும் படையும் வயதும் பொறிக்கப்பட்டு. அங்கிருந்து சற்றுத் தொலைவில் வாட் தவோர்ன் வராராம் என்னும் பௌத்தக் கோயிலில், ஆசியத் தொழிலாளரின் எலும்புகளை ஒன்றாய் இட்டு எழுப்பிய நினைவுத்தூண் இருக்கிறது. அதனருகே சிறிது நேரம் நின்றேன். கொண்டுபோயிருந்த கற்பூரத்தை ஏற்றலாமா என்று அங்கிருந்த பிக்குவிடம் சைகையால் கேட்டேன். அவர் தலையசைத்துவிட்டு, காற்றில் அணையாதபடி தம் கையை மறைப்பாகப் பிடித்தார்.