வாளில் விழும் வெண்கோடு

ஜப்பானிய வாளை விளக்குக்கு நேரே சற்றுச் சாய்த்துப் பிடித்தால், கூர் விளிம்பை ஒட்டி வெண்புகை படர்ந்தாற்போல் ஒரு கோடு நெளிந்தோடும். அதன் பெயர் ஹமோன். கொல்லர் பூசிய மண்ணும் நெருப்பும் நீரும் எஃகுக்குள்ளேயே உண்டாக்கும் கோடு அது. ஆனால் பட்டறையை விட்டு வரும் வாளில் அது சரியாகத் தெரியாது. தெரிய வைப்பவர் தொகிஷி எனப்படும் மெருகுக் கலைஞர். கொல்லர்களின் பெயர் வாளிலேயே வெட்டப்பட்டு நிலைத்துவிட்டது; மெருகேற்றியவர்களில் பெரும்பாலோர் பெயரில்லாமலே போனார்கள். இது பெரிய அநியாயம்.

களிமண்ணோடு கரித்தூளும் சாணைக்கல் தூளும் குழைத்து, வாளின் முதுகில் கனமாகவும் விளிம்பில் மெல்லிசாகவும் பூசுவார்கள். எஃகின் சிவப்பைக் கண்ணாலேயே மதிப்பிட வேண்டியிருப்பதால் அடுத்த வேலை இருட்டில் நடக்கும். சுமார் 750 முதல் 800 டிகிரி வரை காய்ந்த வாளைத் தண்ணீரில் அமிழ்த்தியதும், விளிம்பு சட்டென்று குளிர்ந்து மார்ட்டன்சைட் என்ற கடின எஃகாகிறது. மண் மூடிய முதுகு மெதுவாகக் குளிர்வதால் அடி தாங்கும் மென்மையோடு நிற்கிறது. இரண்டும் சந்திக்கும் இடம்தான் ஹமோன்.

பிறகு கற்களின் வேலை. சொரசொரப்பான கல்லில் தொடங்கி, தண்ணீர் விட்டுத் தேய்த்துத் தேய்த்து, கியோட்டோ மலைகளில் கிடைக்கும் உச்சிகுமோரிக் கல்லுக்கு வருவார்கள். அதன் சில்லை ஒளி ஊடுருவும் அளவுக்கு இழைத்து, பின்புறம் வாஷித் தாள் ஒட்டி, கட்டைவிரல் நுனியில் வைத்து வாள்மீது நகர்த்துவார்கள். விரல்நகம் அளவு கல், முழ நீளத்துக்கு மேல் எஃகு! கடைசியில் எண்ணெயில் குழைத்த இரும்பு ஆக்சைடைப் பஞ்சில் தொட்டுத் தேய்க்க, வாளின் உடல் கருத்து ஆழ்கிறது. கோடு எடுப்பாகத் தெரிகிறது.

இன்று பல நாடுகளின் கத்திக் கலைஞர்கள், மின்சுற்றுப் பலகையை அரிக்கப் பயன்படும் பெர்ரிக் குளோரைடில் கத்தியை முக்கியே இந்தக் கோட்டை வரவழைக்கிறார்கள். சில நிமிடங்களில் கோடு தெரிந்துவிடும். கறுத்த படிவைத் துடைத்து மறுபடி மெருகேற்றும் பொறுமை அங்கும் வேண்டும்.

இந்தத் தொழிலில் தலைமுறைகள் கடந்து நிலைத்த பெயர் ஹோனாமி குடும்பம். வாளை மெருகேற்றுவது, மதிப்பிடுவது இரண்டும் அவர்கள் கையில் இருந்தன. ஷோகுன் தொகுகாவா யோஷிமுனேயின் ஆணைப்படி 1719-இல் புகழ்பெற்ற வாள்களின் பட்டியலைத் தொகுத்ததும் அவர்களே. 1876-இல் மெய்ஜி அரசு பொதுமக்கள் வாள் அணிவதைத் தடைசெய்தது. வெட்டுவதற்காக இருந்த வாள், பார்ப்பதற்கான பொருளாயிற்று.

மெருகும் மாறியது. அந்த மெய்ஜி காலத்தில் ஹோனாமி ஹெய்ஜூரோ உருவாக்கியதாகச் சொல்லப்படும் ஹதோரி முறையில், கல்லால் விளிம்பை வெளுப்பாக்கி ஹமோனின் வடிவத்தைத் தூக்கிக் காட்டுவார்கள். பழைய சஷிகோமி முறையோ உள்ள கோட்டை உள்ளபடியே பின்தொடரும். இன்று பரவலாக நடப்பது ஹதோரிதான். அது அழகுதான், ஆனால் உண்மைக் கோட்டைக் காண விரும்புபவர் அந்த வெளுப்பைத் தாண்டி, விளக்கொளி பட்டுத் தெறிக்கும் நுண்மணிகளைத் தேட வேண்டும். சஷிகோமியில் கண்ணுக்கு இந்தக் கூடுதல் வேலை குறைவு.

1975-இல் ஜப்பானிய அரசு ஹோனாமி நிஷ்ஷூவை, வாள் மெருகேற்றும் கலைக்காகவே, வாழும் தேசியச் செல்வமாக அறிவித்தது.