ஓர் ஆசிரியையும் ஒரு நாற்காலியும்

கிறிஸ்து பிறப்பு விழாக் காலத்தில் ஆலயப் பீடங்களை அணிசெய்யும் செந்நிற மலர் ஒன்றுண்டு. உண்மையில் அது மலரன்று. இலைகளே செந்நிறம் பூண்டு மலர்போல் விரிகின்றன. மெக்சிகோ நாட்டில் அமெரிக்கத் தூதராக இருந்த ஜோயல் பாயின்செட் என்பவர் அச்செடியைத் தம் நாட்டுக்கு அனுப்பினார். அதனால் அவர் பெயராலேயே அது 'பாயின்செட்டியா' என வழங்கலாயிற்று.

அவருடைய பெயரைத் தாங்கியது அச்செடி மட்டுமன்று. தென் கரோலினா மாநிலத்தில் அவருக்கு ஒரு பண்ணை இருந்தது. பண்ணையில் அடிமைகள் இருந்தனர். அவர்களுள் ஒருவராகப் பிறந்தவர் பீட்டர் பாயின்செட். அடிமை முறை ஒழிந்த பின் விடுதலை பெற்ற அம்மனிதரின் மகளாக, 1898-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் நாள், சார்ல்ஸ்டன் நகரில் பிறந்தவரே செப்டிமா. மணமான பின் செப்டிமா கிளார்க் என்று அறியப்பட்டார்.

இந்த அம்மையார் 1975-ஆம் ஆண்டில், தம் எழுபத்தைந்து வயதைக் கடந்த பின், சார்ல்ஸ்டன் மாவட்டப் பள்ளி வாரியத் தேர்தலில் நின்று வென்றார். அமெரிக்காவில் ஓர் ஊரின் பொதுப் பள்ளிகளை ஆள்வது பெரும்பாலும் அவ்வூர் மக்கள் தேர்ந்தெடுக்கும் இத்தகைய வாரியமே. ஆசிரியர்களை அமர்த்துவதும், ஊதியத்தை வரையறுப்பதும், பாடத்திட்டத்திற்கு ஒப்புதல் தருவதும் அதன் கையில் உள்ளன. ஆகவே அதில் ஓர் இடம் என்பது சிறிய பதவியன்று.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இத்தகைய பதவியை நாடும்போது எதனை முதன்மையாகக் கொள்ள வேண்டும்? கட்டடமா, ஊதியமா, பாடநூலா, ஒழுங்கா? செப்டிமா கிளார்க்கின் வாழ்வு இக்கேள்விக்கு ஒரு விடையை வைத்திருக்கிறது. அவ்விடையை அவருடைய தேர்தல் மேடையில் தேடுவதைவிட, அதற்கு முந்திய அறுபது ஆண்டுகளில் தேடுவதே பொருத்தம் என நாம் எண்ணுகிறோம்.

தீவுப் பள்ளி

1916-இல் ஏவரி பயிற்சிப் பள்ளியில் படிப்பை முடித்தபோது செப்டிமாவுக்கு வயது பதினெட்டு. சார்ல்ஸ்டன் நகரப் பொதுப் பள்ளிகளில் அன்று கறுப்பின ஆசிரியர்களுக்கு வேலை இல்லை. கறுப்பினப் பிள்ளைகள் படித்த பள்ளிகளிலும் வெள்ளையரே கற்பித்தனர். எனவே அவர் பாலம் இல்லாத ஜான்ஸ் தீவுக்குப் படகேறிச் சென்றார்.

அத்தீவுப் பள்ளியில் 132 பிள்ளைகள், ஆசிரியர்கள் இருவர். தலைமை ஆசிரியையாகவும் பொறுப்பேற்ற செப்டிமாவுக்கு ஊதியம் 35 டாலர். சாலையின் மறுபக்கத்தில் வெள்ளையர் பள்ளி ஒன்று இருந்தது. அங்கே மூன்று பிள்ளைகள். அவர்களுக்குக் கற்பித்த ஆசிரியைக்கு 85 டாலர். ஒரே அரசு, ஒரே சாலை, ஒரே தொழில். இந்த எண்களைச் செப்டிமா வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை.

பாடநூல்கள் போதாமையால், சலவைக் கடைகளில் துணி சுற்றித் தரும் தாளுறைகளின்மேல் அவரே கதைகளை எழுதினார். பிள்ளைகள் நாள்தோறும் காணும் மரங்களும் விலங்குகளுமே அக்கதைகளில் வந்தன. பருத்தி அறுவடை முடிந்த பிறகே பல பிள்ளைகள் பள்ளிக்கு வர இயன்றது.

மாலையில் பெரியவர்களும் அவரைத் தேடி வந்தனர். தாங்கள் சேர விரும்பிய சங்கத்தின் விதிகளைப் படிக்கவும், கூட்டத்தில் நான்கு வார்த்தை பேசவும் அவர்களுக்குக் கற்றுத்தர வேண்டியிருந்தது. பகலில் பிள்ளைகள், இரவில் பெற்றோர் என்று பணி நடந்தது. பிற்காலத்தில் பெரிய இயக்கமாக வளர்ந்ததன் வித்து இந்த இரவு வகுப்புதான்.

கதவும் ஊதியமும்

1919-இல் அவர் நகருக்குத் திரும்பி, தாம் படித்த ஏவரியிலேயே ஆசிரியையானார். அதே காலத்தில், கறுப்பின மக்கள் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கத்திலும் சேர்ந்தார். நகரப் பள்ளிகளில் கறுப்பின ஆசிரியர்களை அமர்த்தக் கோரி அச்சங்கம் ஒரு விண்ணப்பத்திற்குக் கையொப்பம் திரட்டியது. செப்டிமா வீடு வீடாகச் சென்றார். மறு ஆண்டே அக்கதவு திறந்தது.

அடுத்தது ஊதியம். மாநிலத் தலைநகராகிய கொலம்பியாவில் அவர் கற்பித்துவந்த காலத்தில், சம வேலைக்குச் சம ஊதியம் கோரிய வழக்கு நடந்தது. பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியாகிய தர்குட் மார்ஷல் அவ்வழக்கில் வாதாடினார், செப்டிமா துணைநின்றார். 1945-இல் தீர்ப்பு ஆசிரியர்களுக்குச் சார்பாக வந்தது. இடையில் அவர் தம் சொந்தக் கல்வியையும் விட்டுவிடவில்லை. கோடை விடுமுறைகளிலும் மாலை வேளைகளிலும் படித்து 1942-இல் இளங்கலைப் பட்டமும், 1946-இல் முதுகலைப் பட்டமும் பெற்றார்.

திறந்த கதவு, நேரிய ஊதியம் என்னும் இவ்விரண்டையும் கண்ட எந்த ஆசிரியரும் தம் பணி நிறைவுற்றது என்று ஓய்ந்திருக்கலாம். ஆயினும் 1956-ஆம் ஆண்டு அவருக்கு ஒரு கசப்பான பாடத்தைக் கற்பித்தது.

எழுநூற்று இருபத்தாறு கடிதங்கள்

பொதுப் பள்ளிகளில் இனவாரிப் பிரிவினை சட்டத்திற்குப் புறம்பானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-இல் தீர்ப்பளித்திருந்தது. அதனால் சினந்த தென் மாநிலங்கள் பழிவாங்கும் சட்டங்களை இயற்றின. அரசு ஊழியர் எவரும் மேற்சொன்ன தேசியச் சங்கத்தில் உறுப்பினராக இருத்தல் ஆகாது என்று 1956-இல் தென் கரோலினா சட்டம் செய்தது. செப்டிமா தம் உறுப்பினர் உரிமையை மறைக்கவும் இல்லை, விடவும் இல்லை. நாற்பது ஆண்டுப் பணிக்குப் பின் வேலை போயிற்று, ஓய்வூதியமும் போயிற்று.

அவர் தனியே நிற்க விரும்பவில்லை. கறுப்பின ஆசிரியர்கள் 726 பேருக்குக் கடிதம் எழுதினார். அனைவரும் ஒன்றாக எதிர்த்தால் அனைவரையும் நீக்க இயலாது என்பது அவர் எண்ணம். விடை எழுதியவர்கள் 26 பேர். பள்ளிக் கண்காணிப்பாளரைக் காணச் சென்ற நாளில் வந்து சேர்ந்தவர்கள் ஐந்து பேரே. அவரைப் பாராட்ட ஒரு மகளிர் அமைப்பு விழா எடுத்தது. ஆயினும் அவரோடு நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ள அங்கிருந்தவர்கள் அஞ்சினார்கள்.

நாமாயிருந்தால் அந்த எழுநூறு பேரையும் கோழைகள் என்று சொல்லியிருப்போம். செப்டிமா அவ்வாறு சொல்லவில்லை. பிற்காலத்தில் இதனை நினைவுகூர்ந்தபோது, இது தம் வாழ்வின் தோல்விகளுள் ஒன்று என்றும், அவர்கள் ஆயத்தமாகாத ஒன்றுக்குள் அவர்களைத் தள்ள முயன்றது தம் தவறு என்றும் கூறினார். பிழையைப் பிறர்மேல் ஏற்றாமல் தம் கற்பித்தல் முறையில் தேடினார். பாடம் புரியாத மாணவரைக் கடிந்துகொள்வதை விட்டுத் தம் பாடத்தையே திருத்திக்கொள்ளும் நல்லாசிரியரின் இயல்பு இது. இந்தத் திருத்தத்திலிருந்துதான் அவருடைய வாழ்வின் பெரும்பணி பிறந்தது.

மளிகைக் கடையின் பின்னறை

தென் கரோலினாவில் அந்நாளில் வாக்காளராகப் பதிவு பெறுவதற்கு மாநில அரசியலமைப்பின் ஒரு பகுதியைப் படித்துக் காட்ட வேண்டும்; அல்லது குறிப்பிட்ட மதிப்புள்ள சொத்து இருக்க வேண்டும். இரண்டும் இல்லாதவர்கள் வாக்கற்றவர்கள். ஜான்ஸ் தீவிலிருந்து நகருக்குப் பேருந்து ஓட்டிய ஈசா ஜென்கின்ஸ் என்பவர், பயணத்தின்போதே தம் பயணிகளுக்கு அச்சட்டப் பகுதிகளைச் சொல்லிக் கொடுத்துவந்தார். ஆனால் மனப்பாடம் செய்வது வேறு, படிப்பது வேறு. படிக்கக் கற்றுத்தர ஒரு பள்ளி வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார்.

டென்னசி மாநிலத்தில் மைல்ஸ் ஹார்ட்டன் நடத்திய ஹைலாண்டர் மக்கள் பள்ளி இதற்கு உதவியது. வேலையிழந்த செப்டிமாவை அழைத்துப் பணி தந்ததும் அப்பள்ளியே. அங்கே 1955 கோடையில் அவர் நடத்திய பயிலரங்கில் அமைதியாக அமர்ந்திருந்தவர்களுள் ஒருவர் ரோசா பார்க்ஸ். அதே ஆண்டு டிசம்பர் முதல் நாள், மான்ட்காமரி நகரப் பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்தவர் இவரே.

1957-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், ஜான்ஸ் தீவில் ஒரு கூட்டுறவு மளிகைக் கடையின் பின்னறையில் வகுப்பு தொடங்கியது. முன்புறம் கடை இருந்ததால் வெள்ளையர் ஐயுறவில்லை. முதலில் வந்தோர் பதினான்கு பேர். கற்பிக்கும் பொறுப்பைப் பட்டம் பெற்ற ஆசிரியர் எவருக்கும் செப்டிமா தரவில்லை. பெர்னிஸ் ராபின்சன் என்ற சிகையலங்காரத் தொழில் செய்யும் பெண்ணிடம் ஒப்படைத்தார். படித்தவர்கள் தீவு மக்களை ஏளனமாக நோக்கக்கூடும் என்பதே காரணம். நாற்பது ஆண்டு ஆசிரியையாக இருந்தவர் தம் தொழிலின் செருக்கை இவ்வளவு தெளிவாகக் கண்டிருக்கிறார் என்பது நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

ராபின்சன் அம்மையார் முதல் நாளில், 'நீங்கள் எதைக் கற்க விரும்புகிறீர்கள்?' என்று கேட்டார். தம் பெயரை எழுத வேண்டும் என்றனர். திருவிவிலியம் வாசிக்க வேண்டும் என்றனர். செய்தித்தாள் படிக்க வேண்டும், பணவிடைத் தாளை நிரப்ப வேண்டும் என்றனர். அவையே பாடத்திட்டமாயின. கலப்பை பிடித்த கைகள், அட்டையில் எழுதப்பட்ட தம் பெயரின்மேல் பென்சிலை ஓட்டி ஓட்டிப் பழகின. வகுப்பில் படித்தோர் ஒருவர்பின் ஒருவராக வாக்காளர்களாகப் பதிவு பெற்றனர். அயல் தீவுகளிலிருந்தும் அழைப்பு வந்தது.

1961-இல் டென்னசி அரசு ஹைலாண்டர் பள்ளியை மூடியபோது, மார்ட்டின் லூதர் கிங் தலைமையேற்றிருந்த தென்னகக் கிறிஸ்தவத் தலைமைக் குழு இந்தக் குடிமைப் பள்ளிகளை ஏற்றுக்கொண்டது. தென் மாநிலங்கள் எங்கும் ஆயிரக்கணக்கான எளிய மக்கள் ஆசிரியர்களாகப் பயிற்சி பெற்றனர்.

அக்குழுவில் செப்டிமாவுக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. ஆனால் அவருடைய சொல்லுக்கு இடம் கிடைக்கவில்லை. ஒரு பெண் செயற்குழுவில் ஏன் இருக்க வேண்டும் என்று கேட்டவர்களும் உண்டு. எல்லா ஊர்வலங்களுக்கும் தாமே தலைமை ஏற்காமல், ஆங்காங்கே தலைவர்களை உருவாக்குமாறு கிங் அவர்களுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். அது கூட்டத்தில் வாசிக்கப்பட்டபோது சிரித்தார்கள் என்று அவரே பதிவு செய்திருக்கிறார். ஆனாலும் 1964-இல் நோபல் பரிசு பெற ஆஸ்லோவுக்குச் சென்றபோது கிங் அவரையும் உடன் அழைத்துச் சென்றார்.

நாற்காலி

1965-இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. எழுத்தறிவுத் தேர்வு என்னும் தடை தகர்ந்தது. 1970-இல் செப்டிமா ஓய்வுபெற்று ஊர் திரும்பினார். ஐந்தாண்டுகளுக்குப் பின், தம்மை வேலையிலிருந்து நீக்கிய அதே ஊரின் பள்ளிகளை ஆளும் வாரியத்தில் அமர்ந்தார். மறு ஆண்டே, 1956-இல் அவரை நீக்கியது அநீதி என்று மாநில ஆளுநர் அறிவித்து, ஓய்வூதியத்தை மீண்டும் வழங்கினார். இரண்டு பதவிக் காலங்கள் வாரியத்தில் பணியாற்றிய அவர், 1987 டிசம்பர் 15-ஆம் நாள் மறைந்தார்.

1956-க்கும் 1975-க்கும் இடையில் மாறியது எது? செப்டிமா மாறவில்லை, அவருடைய கோரிக்கைகளும் மாறவில்லை. வாக்காளர் பட்டியல் மாறிற்று. ஜான்ஸ் தீவு அந்த மாவட்டத்தைச் சேர்ந்ததே. மளிகைக் கடைப் பின்னறையில் தம் பெயரை எழுதப் பழகிய மக்கள், அவர் போட்டியிட்ட அதே வாரியத்துக்கு வாக்களிக்கும் குடிமக்கள் ஆகியிருந்தனர். வாக்கு கேட்கச் செல்வதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே, வாக்காளரை உருவாக்கும் பணியை அவர் தொடங்கிவிட்டார். அந்த அறையைத் தந்த ஈசா ஜென்கின்ஸ் 1972-இலேயே காலமாகிவிட்டதால் இந்த வெற்றியைக் காணவில்லை.

இப்போது நம் கேள்விக்குத் திரும்புவோம். பள்ளிப் பொறுப்பை நாடும் ஆசிரியர் முதன்மையாகக் கொள்ள வேண்டியது எது? கட்டடமும் ஊதியமும் பாடநூலும் வேண்டியவையே. செப்டிமா அவற்றிற்காகவும் போராடினார். ஆனால் கேள்வி கேட்கத் தெரிந்த பெற்றோர் இல்லாத ஊரில் அவை நிலைப்பதில்லை. ஒரு தீர்ப்பால் வந்த உரிமையை ஒரு சட்டத்தால் பறித்துவிட முடியும் என்பதை அவர் தம் வாழ்விலேயே கண்டார். படிக்கவும் வாக்களிக்கவும் கற்றுக்கொண்ட தாயிடமிருந்து அதை அவ்வளவு எளிதில் பறிக்க இயலாது.

நம் ஊர்ப் பள்ளிகளின் குழுக்களுக்கும், பங்குப் பேரவைகளுக்கும், சங்கங்களுக்கும் நாம் ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறோம். சில வேளைகளில் நாமே முன்வந்து நிற்கிறோம். நின்று வென்ற பின் என்ன செய்வோம் என்று சொல்வது எளிது. நாம் பேசப்போகும் மக்களிடம், 'நீங்கள் எதைக் கற்க விரும்புகிறீர்கள்?' என்று என்றேனும் அமர்ந்து கேட்டிருக்கிறோமா? அடுத்த கிறிஸ்து பிறப்பு விழாவில் அந்தச் செந்நிற இலைகளைப் பீடத்தருகே காணும்போது, அவற்றின் பெயரைத் தன் பெயராகத் தாங்கிப் பிறந்த அந்த ஆசிரியையையும், அவர் தொடங்கிய வகுப்பு நடந்த அந்தப் பின்னறையையும் நாம் நினைவுகூரலாம்.