கொல்லிமலையில் குடியேறிய ஒளி

கிறிஸ்து பிறப்பின் பண்டிகைக் காலத்தில் நம் ஆலயங்களில் தவறாது வாசிக்கப்படும் திருமறைப் பகுதிகளுள் ஏசாயா ஒன்பதாம் அதிகாரம் ஒன்றாகும். அதை வைத்துப் பிரசங்கிக்கும் நம்மில் பலர், இருள் என்பதை நற்செய்தி அறியாதவருடைய நிலையென்றும், ஒளி என்பதை அதை அறிந்த நம்முடைய நிலையென்றும் எளிதாகப் பிரித்துவிடுகிறோம். மலைவாழ் மக்களைக் குறித்த அருட்பணிக் கூட்டங்களிலோ இப்பிரிவினை இன்னும் கூர்மையடைகிறது. இவ்வாறு பேசுவதற்குத் திருமறையும் திருச்சபை வரலாறும் நமக்கு இடந்தருகின்றனவா? நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் நடந்த ஓர் அருட்பணியின் வரலாற்றைக்கொண்டு இவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

1. தீர்க்கதரிசி கண்ட இருள்

ஏசாயா குறிப்பிடும் செபுலோன், நப்தலி நாடுகள் இஸ்ரவேலின் வடகோடியில் இருந்தவை. கி.மு. 733-732ஆம் ஆண்டுகளில் அசீரிய அரசன் திகிலாத்பிலேசர் படையெடுத்தபோது முதலில் நொறுங்கியவை இவையே. ஊர்கள் எரிந்தன, மக்கள் சிறையாகக் கொண்டுபோகப்பட்டனர். தீர்க்கதரிசி சுமத்தப்பட்ட நுகத்தைப் பற்றியும், ஆளோட்டியின் கோலைப் பற்றியும், இரத்தம் தோய்ந்த உடைகளைப் பற்றியும் அதே பகுதியில் பேசுவதை நாம் கவனிக்கவேண்டும். ஆகவே அவர் கண்ட இருளை வெறும் அறியாமை என்று கொள்ளுதல் பொருந்தாது. அது ஒடுக்கப்பட்டுக் கைவிடப்பட்ட மக்களின் இருள்.

மத்தேயு இத்தீர்க்கதரிசனத்தை எடுத்தாளும் இடமும் சிந்திக்கத்தக்கது. இயேசு ஒரு பெரிய அற்புதம் செய்த வேளையில் அன்று, அவர் நாசரேத்தை விட்டுக் கப்பர்நகூமில் குடியேறிய வேளையில் அது நிறைவேறிற்றென்று சுவிசேஷகர் எழுதுகிறார். யோவானும் ஒளியைப் பற்றித் தொடங்கிய தம் முகவுரையை, வார்த்தையானவர் மாம்சமாகி நம் நடுவே தங்கினார் என்ற உண்மையில் கொண்டுவந்து சேர்க்கிறார். தமிழ் மண்ணில் ஒளியைத் தெய்வீகத்தின் அடையாளமாகப் போற்றுதல் நமக்குமுன்பே வேரூன்றியது. திருவண்ணாமலையின் தீபமும், வடலூரில் 1872இல் வள்ளலார் தொடங்கிய ஜோதி வழிபாடும் அதற்குச் சான்று. கிறிஸ்தவ அறிக்கைக்குத் தனித்தன்மை தருவது, அந்த ஒளி ஒரு குறிப்பிட்ட ஊரில், ஒரு குறிப்பிட்ட தெருவில் குடியேறிற்று என்பதே.

2. மலையும் அதன் இருளும்

கொல்லிமலை தமிழ் இலக்கியத்துக்குப் புதிதன்று. வல்வில் ஓரி ஆண்ட மலையாகவும், கண்டாரை மயக்கிக் கொல்லும் கொல்லிப்பாவை நின்ற மலையாகவும் சங்கப் புலவர் அதைப் பாடினர். அறப்பளீஸ்வரர் கோயில் பழம்பெரும் சைவத்தலம். அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுவோர். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தார் என்று சொல்லும் மரபுடையோர். தினையும் சாமையும் கேழ்வரகும் விளைவித்து, தம் நாடுகளைத் தாமே ஒழுங்குசெய்து வாழ்ந்தவர். இத்தகையோரை ஒளியற்றவர் என்று மேலோட்டமாகச் சொல்லுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது.

ஆயினும் அம்மலையில் இருள் இருந்தது. இன்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்து ஏறுகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்னோ செங்குத்தான ஒற்றையடிப் பாதையன்றி வழியில்லை. மலைக்காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளியார் அங்கே இராத்தங்க மறுத்தனர். மருத்துவர் இல்லை, பள்ளி இல்லை. குடிநீரிலே நரம்புச் சிலந்தி நோய் பரவிற்று. வரி விதிப்பில் மலைமக்கள் அநீதிக்கு உள்ளாயினர். வடகோடிக் கலிலேயாவைப் போல இதுவும் கைவிடப்பட்ட நாடாயிருந்தது. கைவிட்டவர்களுள் அடிவாரத்துக் கிறிஸ்தவர்களும் அடங்குவர் என்பதை நாம் மறைக்கலாகாது.

3. வாழவந்தியில் ஒரு வீடு

இங்கிலாந்தில் 1885இல் பிறந்த ஜெசி பிராண்ட், ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் என்னும் சங்கத்தின் ஊழியராக 1907இல் தமிழ்நாட்டுக்கு வந்தார். அச்சங்கத்துக்கு மலையடிவாரத்துச் சேந்தமங்கலம் ஒரு பணித்தலமாயிருந்தது. ஜெசி அங்கிருந்து மலையேறி மக்களைச் சந்தித்துத் திரும்பினார். ஆனால் வந்துபோவதோடு அவர் மனம் நிறைவடையவில்லை. வெப்பமண்டல நோய்களுக்கான மருத்துவத்தை ஓரளவு கற்றுக்கொண்டு, மலையிலேயே குடியிருக்கத் துணிந்தார். இலண்டனில் செல்வக் குடும்பத்தில் 1879இல் பிறந்து, ஓவியக்கலை பயின்று, சென்னையில் ஊழியம் செய்துகொண்டிருந்த எவலின் ஹாரிஸ் அவருடன் இணைந்தார். 1913ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சேந்தமங்கலத்தில் திருமணம் முடிந்த அன்றே இருவரும் மழையில் நனைந்தபடி மலையேறினர். அவர்கள் குடியேறிய இடம் வாழவந்தி. கொல்லும் என்று பெயர்கொண்ட மலையில், வாழ வந்ததைச் சொல்வதுபோல் ஒலிக்கும் ஊர்ப்பெயர் அமைந்திருப்பது தமிழ்க் காதுக்கு ஒரு பிரசங்கமாகவே கேட்கும்.

அவர்களுடைய முதல் ஆண்டுகளின் உழைப்பு பலதிறப்பட்டது. நோயுற்றோரைப் பேணினர், பள்ளிகள் நடத்தினர், தச்சும் நெசவும் கற்பித்தனர், வரி அநீதிகளை எதிர்த்து அதிகாரிகளிடம் வழக்குரைத்தனர். இவற்றுள் நரம்புச் சிலந்தி நோயைப் பற்றிய செய்தி தனியே குறிக்கத்தக்கது. கிணற்றுள் இறங்கி நீர் முகப்போர் காலிலுள்ள புண்ணிலிருந்து அப்புழுவின் குஞ்சுகள் நீரில் கலக்கின்றன. நீரில் வாழும் கண்ணுக்குப் புலப்படாத சிற்றுயிர்கள் அவற்றை உட்கொள்ள, அந்நீரைக் குடிப்போர் உடலில் ஓராண்டளவில் நீண்ட புழு வளர்ந்து காலைத் துளைத்து வெளிவருகிறது. ஜெசி அதை ஒரு குச்சியில் சுற்றி, அறுந்துவிடாதபடி நாளுக்குச் சிறிது சிறிதாக இழுத்தெடுத்தார். அதற்கு மேலாக, மக்கள் உள்ளே இறங்காமல் நீர் இறைக்கும்படி கிணறுகளுக்குச் சுவர் எழுப்பவும், குடிநீரைத் துணியால் வடிகட்டவும் கற்பித்தார். 1980களில் இந்திய அரசு மேற்கொண்ட ஒழிப்புத் திட்டமும் இம்முறைகளையே பெரிதும் சார்ந்தது. நம் நாட்டில் கடைசி நோயாளி 1996இல் காணப்பட்டார். 2000இல் இந்தியா அந்நோயினின்று விடுபட்டதாக உலக நலவாழ்வு நிறுவனம் சான்றளித்தது.

இது நற்செய்தி ஒளியா, அல்லது அதற்கு முன்னோடியான தொண்டு மட்டுமா என்ற விவாதம் நம் கல்லூரிகளில் அடிக்கடி எழுகிறது. மருத்துவத்தைத் தூண்டிலாகக் காண்போர் ஒருபுறம். கிணறு வெட்டினால் நற்செய்தி முழுமைபெற்றது என்போர் மறுபுறம். ஜெசி இவ்விரு திறத்தாரோடும் சேர்பவரல்லர். இறைவனின் தெரிந்துகொள்ளும் கிருபையை அழுத்திக் கூறும் கால்வினிய மரபில் வந்தவராதலின், மனந்திரும்புதலை மருந்தால் விலைக்கு வாங்க முடியாதென்பதை அவர் அறிந்திருந்தார். அதே காரணத்தால், ஒருவரும் மனந்திரும்பாத ஆண்டுகளிலும் மருந்தை நிறுத்தவில்லை.

4. பூசாரியின் வீட்டு வாசல்

அத்தகைய ஆண்டுகள் சிலவல்ல. மலைமக்கள் மருந்தை ஏற்றனர், போதனையைக் கேட்டனர், ஆனால் சபையில் சேர ஒருவரும் முன்வரவில்லை. ஊர்ப் பூசாரியின் எதிர்ப்பு அதற்கு ஒரு முக்கிய காரணமாயிருந்தது.

1918-19ஆம் ஆண்டுகளில் உலகெங்கும் பரவிய நச்சுக்காய்ச்சல் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அது கொல்லிமலையையும் எட்டியது. நோய் கண்ட வீடுகளை உறவினரும் விட்டோடினர். பிராண்ட் தம்பதியர் கஞ்சி காய்ச்சி, வீடு வீடாகச் சென்று ஊட்டினர். எதிர்த்துநின்ற பூசாரியும் அவர் மனைவியும் நோயில் வீழ்ந்தபோது, அவ்வாசலுக்கும் அவர்கள் சென்றனர். தம்மவர் எவரும் அணுகாத வேளையில் இவர்கள் வந்ததைக் கண்ட பூசாரி, மரணப்படுக்கையில் தம் மக்களை ஜெசியின் கையில் ஒப்புவித்தார். கைக்குழந்தையாயிருந்த பெண்ணை எவலின் தம் குழந்தையாகவே வளர்த்தார். இந்நிகழ்ச்சிக்குப் பின்னரே மலையில் சபை உருவாகத் தொடங்கிற்று.

இந்நிகழ்ச்சியைப் பிரசங்கத்தில் எடுத்தாளுவோர் எச்சரிக்கையாயிருத்தல் நலம். ஒரு தெய்வம் தோற்று மற்றொன்று வென்ற கதையாக இதைச் சொல்லுதல் எளிது. ஆனால் அவ்வீட்டில் இருந்தவர், தமக்குப்பின் தம் குழந்தைகளுக்கு யார் என்று கலங்கிய ஒரு தந்தை. அவர் ஒளியைக் கண்டது தர்க்கத்திலன்று. ஓடிப்போகாத ஒருவருடைய முகத்தில் கண்டார். முன்னர் அவ்வூரில் பல ஆண்டுகள் குடியிராதவர் அந்த ஒரு நாளில் மட்டும் கஞ்சி கொண்டுவந்திருப்பாராயின், அக்குழந்தைகளை நம்பி ஒப்புவிக்க அவருக்குத் துணிவு வந்திராது.

5. ஒளி ஏந்தியோரைச் சூழ்ந்த இருள்

இனி நாம் காணவேண்டுவது வரலாற்றின் கடினமான பகுதி. அருட்பணியாளரைக் குறையற்ற ஒளிப்பிழம்பாக வரைவது நம் வழக்கம். மெய்வரலாறு வேறுவிதமாய்ப் பேசுகிறது. 1914இல் மலையில் பிறந்த மூத்த மகன் பால், தம் இளமையில் கண்ட ஒன்றைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். தொழுநோயாளர் சிலர் வீட்டுக்கு வந்தபோது தந்தை கையுறை அணிந்து புண்களைக் கட்டினார். குழந்தைகள் அருகே விடப்படவில்லை. உணவு கொடுத்த கூடை பின்னர் எரிக்கப்பட்டது. அஞ்சாமல் மலையேறியவரையும் அக்காலத்தின் அச்சம் விட்டுவைக்கவில்லை. அந்தப் பால் பிராண்டே 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் கைகளைத் தம் கைகளில் ஏந்தி, முடங்கிய விரல்களுக்கு அறுவை மருத்துவத்தால் இயக்கம் தந்தார்.

பாலும் அவர் தங்கையும் 1923இல் கல்விக்காக இங்கிலாந்தில் விடப்பட்டனர். அதன்பின் தந்தையை அவர்கள் காணவில்லை. 1929 ஜூன் மாதத்தில் மலைக்காய்ச்சலின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சலில் ஜெசி தம் 44ஆம் வயதில் மறைந்தார். தந்தி இங்கிலாந்தை உடனே எட்டிற்று. ஆனால் அவர் இறக்குமுன் எழுதிய கடிதங்கள் கப்பல் வழியாகப் பின்னும் வந்துகொண்டிருந்தன. அணைந்த விளக்கின் ஒளியைப் பிள்ளைகள் அக்கடிதங்களில் கண்டனர். ஒளி இருளில் பிரகாசிக்கிறதென்று யோவான் சொல்லும்போது, இருள் இல்லாமற்போயிற்று என்று அவர் சொல்லவில்லை. அவர் கையாளும் மூலமொழி வினைச்சொல்லுக்கு அறிந்துகொள்ளுதல் என்றும் மேற்கொள்ளுதல் என்றும் இருபொருள் உண்டு. இருள் ஒளியை மேற்கொள்ளவில்லை என்பதே, வாழவந்திக் கல்லறையருகே நாம் பற்றிக்கொள்ளத்தக்க பொருள்.

ஏனெனில் எவலின் திரும்பி வந்தார். கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை உள்ளிட்ட ஐந்து மலைத்தொடர்களிலும் பணி நடைபெறவேண்டும் என்பது தம்பதியரின் பழைய எண்ணம். 1947இல் அறுபத்தெட்டாம் வயதில் சங்கப் பணியிலிருந்து ஓய்வுபெற்றபோது, தாய்நாடு செல்லாமல் தம் சொந்தப் பொறுப்பில் மலையேறினார். மட்டக்குதிரையிலும், பின்னர் இரு மூங்கில் கோல்களை ஊன்றி நடந்தும் ஊர் ஊராகச் சென்றார். 1974 டிசம்பர் 18ஆம் நாள் 95ஆம் வயதில் மறைந்த அவரை, அவர் விரும்பியபடி எளிய பருத்தித் துணியில் சுற்றி, கணவருக்கருகே மலைமக்கள் அடக்கம்செய்தனர்.

6. நாம் கற்பவை

முதலாவது, இருள் என்னும் சொல்லை மக்களுக்கு அடைமொழியாக வழங்குவதை நாம் விடவேண்டும். திருமறையில் அது மக்கள்மேல் சுமத்தப்பட்ட நுகத்தையும், எல்லா மனிதரையும் பிடித்துள்ள பாவத்தையும் குறிக்கிறது. பின்னதில் நாமும் பங்குடையோர். இரண்டாவது, ஒளி நம்முடைய உடைமையன்று. யோவான் ஸ்நானனே அந்த ஒளியல்லன் என்று சுவிசேஷகர் திட்டமாய் எழுதியிருக்க, நாம் அதற்கு உரிமை பாராட்டுதல் எங்ஙனம்?

மூன்றாவதே நமக்கு மிகக் கடினமானது. இன்று மலைக்குச் சாலை உண்டு. காலையில் வாகனத்தில் ஏறி, ஆராதனை நடத்தி, துணிமணி வழங்கி, மாலைக்குள் இறங்கிவிடலாம். சாலையில்லாத நாளில் குடியேறியவர் இருந்தனர். சாலை வந்தபின் வந்துபோவோர் பெருகினர். பட்டம் பெற்ற இறையியல் மாணவர் மலைச்சபைக்கு நியமனம் பெற்றால் அதைத் தண்டனையாகக் கருதுவதும், சபையார் அவருக்காக இரங்குவதும் நாம் அறிந்ததே. கப்பர்நகூமில் குடியேறியவரைப் பிரசங்கிக்க நாம் ஆயத்தம். அவர் பின்னே குடியேறவோ தயங்குகிறோம்.

கொல்லிமலை மக்கள் ஒளியைக் கண்டது பல ஆண்டுகள் அணையாமல் எரிந்த ஒரு வீட்டு விளக்கில். வரும் பண்டிகையில் ஏசாயாவை வாசிக்குமுன், நம் திருச்சபை எந்த ஊரில் விளக்கேற்றிவிட்டு இரவுக்குமுன் திரும்பிவந்தது என்று ஒவ்வொரு ஆயரும் மாணவரும் தம்மையே கேட்டுக்கொள்வோமாக.